கோப்பை கோணல்

அந்தக் காபிக் கடைக்கு ஒரே ஒரு தடவை போவது. போன கையோடு, இனி ஜென்மத்துக்கும் அங்கே கால் வைக்க முடியாதபடி ஒரு காரியம் செய்துவிட்டுத் திரும்புவது. இப்படி முடிவு கட்டிக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷூ லேஸைக் கட்டினேன்.

என் மனைவி கொஞ்ச நாளாகவே அந்தக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாமே கையால் செய்த பீங்கானாம். கோப்பை பீங்கான், தட்டு பீங்கான், விளக்குக் கூடு பீங்கான், கதவுக் கைப்பிடிகூடப் பீங்கான். ஊரே போய்ப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறதாம்.

"காபி எப்படி இருக்குமாம்?" என்று கேட்டேன்.

"அதை யாரும் சொல்லலைங்க. ஆனா போட்டோவுல நல்லா இருக்கு."

நான் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். மூடி வட்டமாக இருக்க வேண்டும். மயிரிழை கோணினாலும் தூக்கி எறிந்துவிடுவேன். அங்கே எனக்குப் பெயரே 'வட்டம்'தான். முதலாளிகூட "வட்டத்தைக் கூப்பிடு" என்பார். வெர்னியர் என்று ஓர் இரும்பு அளவுகோல் உண்டு. இரண்டு தாடைகளுக்கு நடுவே எதைப் பிடித்தாலும் அதன் லட்சணத்தைச் சொல்லிவிடும். அது என் சட்டைப் பையை விட்டு இறங்காது.

வேலை நாளில் மூடியை அளப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டை அளப்பேன். சோபா சுவருக்கு இணையாக இருக்கிறதா, மாட்டியிருக்கும் படங்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, சமையலறை டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கின்றனவா, எல்லாம் பார்ப்பேன். பார்த்துச் சொல்வேன். சொன்னதைத் திரும்பச் சொல்வேன். இதற்கு என் மனைவி சண்டை போட்டதே கிடையாது. "எத்தனையோ பாட்டில் வாய்க்கு மூடி பண்றீங்க, இங்க ஒரு வாய்க்குப் பண்ணக் கூடாதா?" என்று எப்போதாவது கேட்பாள். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமையை ஒரு காபிக்குத் தாரை வார்ப்பதா? முடியாது என்று சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். ஆகவே திட்டம் போட்டேன். போவேன். கோப்பையை அளப்பேன். கோணல் என்று ஊரறிய நிரூபிப்பேன். கடைக்காரர் சண்டைக்கு வருவார். எங்களை வெளியே போகச் சொல்வார். என் மனைவி மானஸ்தி. அந்தத் தெருப்பக்கமே அப்புறம் திரும்ப மாட்டாள்.

வெர்னியரைப் பையில் போடும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"அது எதுக்குங்க? சர்க்கரை கலக்கவா?"

"சும்மா, பழக்கதோஷம்."

"இருக்கட்டும், இருக்கட்டும். மறக்காம எடுத்துக்குங்க."

அந்த இடத்திலேயே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை.

கடை சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர் முழுக்கத் தட்டுகள். ஜன்னலில் உடைந்த பீங்கான் சில்லுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் கிணுகிணுவென்றது. பக்கத்து மேஜையில் ஒரு வாலிபன் நாற்காலி மேல் ஏறி நின்று தன் காபியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கூட வந்த பெண், "நுரை அடங்கிடுச்சு, வேற வாங்கு" என்றாள். முதல் காபியை யாரும் தொடக்கூட இல்லை.

எங்களுக்கும் வந்தது. என் கோப்பை சாம்பலும் நீலமும் கலந்த நிறம். விளிம்பு மேலே ஏறிக் கீழே இறங்கி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மேஜையில் வைத்தால் ஆடியது. எனக்குக் கை பரபரத்தது. வெர்னியரை எடுத்தேன். குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு.

"இது வட்டமே இல்லை!" என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

ஒரு சின்ன வயசுப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். முழங்கைவரை களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. கொண்டையில் ஒரு தூரிகையைச் செருகியிருந்தாள். இவள்தான் கடைக்காரி.

"எவ்வளவு சார் வித்தியாசம்?"

"நாலு மில்லிமீட்டர்!"

அவள் முகம் வாடிவிட்டது. "நாலுதானா? ஆறாவது இருக்கும்னு நெனச்சேன். போகப் போகக் கை நேராயிடுதோ என்னவோ."

சண்டை இப்படி ஆரம்பிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விடாமல் சொன்னேன். "எங்க தொழிற்சாலையா இருந்தா இதை உடைச்சுக் குப்பையில போட்டிருப்பேன்."

"நானும் அப்படித்தான் சார். உடைச்சதைத்தான் ஜன்னல்ல தொங்க விட்டிருக்கேன். அதைத்தான் எல்லாரும் ரொம்பப் படம் எடுக்கறாங்க."

நான் மறுபடியும் வெர்னியரை விரித்தேன். இந்த நேரம் பார்த்து என் மனைவி வாயைத் திறந்தாள். குரலில் தேன் சொட்டியது.

"தப்பா எடுத்துக்காதம்மா. அவருக்கு வட்டம்னா உயிரு. கண்ணைக் கட்டி விட்டாலும் வட்டமா ஒரு கப்பு செஞ்சுடுவாரு."

"நெசமாவா சார்?"

"பின்னே?" என்றேன். மனைவி வாயால் பாராட்டு வந்து எத்தனை காலமாயிற்று! "இந்தக் கை எத்தனை லட்சம் வட்டம் பார்த்த கை!"

"பின்னாடி சக்கரம் இருக்கு சார். ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்."

நாற்காலி மேல் நின்ற வாலிபன் தன் போனை என் பக்கம் திருப்பினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் திருப்பினார்கள். இனி எப்படிப் பின்வாங்குவது?

சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். வட்டத்தைப் பார்ப்பது வேறு, வட்டத்தைச் செய்வது வேறு என்று களிமண் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அழுத்தினால் இடது பக்கம் ஓடியது. இழுத்தால் வலது பக்கம் சரிந்தது. தட்டிக் கொடுத்தால் ஒரு துண்டு பறந்து போய் யாருடைய கேக்கிலோ உட்கார்ந்தது.

"சக்கரம் சரியில்லை" என்றேன்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் என் மனைவி, யாருக்கோ சொல்வது போல.

கடைசியில் ஏதோ ஒன்று நின்றது. கடைக்காரி குனிந்து பார்த்தாள்.

"முதல் தடவைக்கு நல்லா இருக்கு சார். தவளைதானே?"

"கப்பு."

"ஓ" என்றாள்.

அந்த 'ஓ' என் நெஞ்சைத் தைத்தது. ஒரு மூடியைக்கூட யாரும் என்னிடம் தவளை என்று சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கு சார். நீங்க வேணா..."

"ஐயோ, வேணாம்மா!" என்று பதறினாள் என் மனைவி. "இது அவருக்கு வராது. அதுவும் ஞாயித்துக்கிழமை அவரு வீட்ல இருந்தே ஆகணும். அவரு இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது. விட்டுடு."

"வராதா?" என்றேன். "யாருக்கு வராது?"

"உங்களுக்குத்தாங்க. கோவிச்சுக்காதீங்க. வாங்க, போலாம்."

"போக மாட்டேன். பேரை எழுதிக்கம்மா. எல்லா ஞாயித்துக்கிழமையும் வர்றேன்!"

திரும்பி வரும்போது அவள் வழியெல்லாம் புலம்பினாள். "ஞாயித்துக்கிழமைய இப்படித் தூக்கிக் குடுத்துட்டீங்களே, நான் தனியா என்ன பண்ணுவேன்?" எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை சொன்ன சொல் சொன்னதுதான். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகவே நம்பினேன்.

வகுப்புக்குப் போனேன். முதலில் பிசையத் தெரியாமல் தலையிலும் களிமண்ணோடு வந்தேன். "வெளியேயும் வந்துடுச்சா?" என்றாள் மனைவி. போகப் போகக் கை படிந்தது. சூளையில் சுட்டு எடுத்த கோப்பையை வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டு வருவேன். அவளும் "அடடா!" என்று வாங்கி அலமாரியில் வைப்பாள். ஆனால் அடுத்த வாரம் நான் வகுப்பு முடிந்து திரும்பும்போது பழைய கோப்பை அங்கே இருக்காது.

"எங்கே அது?"

"எதிர்வீட்டு டீச்சரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஆசைப்பட்டுக் கேட்டாங்களா?"

"வேற வழி தெரியல அவங்களுக்கு."

கலையின் சக்தி அது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தரம் மாடிவீட்டு நர்ஸ் எடுத்துப் போனாளாம். இன்னொரு தரம் என் சொந்த அக்காவே எடுத்துப் போனாளாம். அக்கா எனக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பொறாமையாக இருக்கும்.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நடுவே மின்சாரம் போய்விட்டது. சக்கரம் நின்றது. "இன்னைக்குப் போயிட்டு வாங்க சார்" என்றாள் கடைக்காரி. சூளையிலிருந்து வந்த புதுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே சிரிப்புச் சத்தம். என் வீட்டிலா? கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

சோபாவைச் சுவரோரம் எப்படியோ தள்ளியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜை கூடத்துக்கு வந்திருந்தது. சுற்றி நாலு பேர்: எதிர்வீட்டு டீச்சர், மாடிவீட்டு நர்ஸ், என் அக்கா, என் மனைவி. எல்லார் கையிலும் சீட்டுக்கட்டின் சீட்டுகள். மேஜை நடுவில் போன வாரம் நான் கொண்டு வந்த கோப்பை.

"அய்யய்யோ, மறுபடியும் நானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் டீச்சர். "எங்க வீட்ல ஏற்கெனவே மூணு இருக்கு. வைக்க இடமில்ல!"

"ஆட்டம்னா ஆட்டம்தான் டீச்சரம்மா" என்றாள் என் மனைவி. "தோத்தவங்க ஒரு கப்பு எடுத்துட்டுப் போயே ஆகணும்."

"நான் போன தடவை தோத்தேன்ல, அதை எங்க வீட்டுப் பூனைக்குத் தண்ணி வச்சேன்" என்றாள் நர்ஸ். "அது குடிக்க மாட்டேங்குது."

கதவைத் தள்ளினேன். நாலு பேரும் நிமிர்ந்தார்கள்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்டே?" என்றாள் அக்கா. ஏதோ நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி.

என் மனைவி மட்டும் அசையவில்லை. சீட்டுகளை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்க, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றாள்.

முடிந்தது. அவள்தான் ஜெயித்தாள். அதற்கப்புறம்தான் சமையலறைக்கு வந்தாள்.

"திட்டம் போட்டு என்னைத் துரத்தியிருக்கே!" என்றேன்.

"நானா? காபி குடிக்கலாம்னுதான் கூப்பிட்டேன். அளந்தது யாரு?"

"நான்."

"சவால் விட்டது?"

"நான்தான். ஆனா..."

"வேணாம் வேணாம்னு அத்தனை பேர் முன்னாடி கெஞ்சினது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். சட்டப்படி அவள் பக்கம் ஒரு கோணலும் இல்லை. ஆனால் நானும் மனிதன்தானே? நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"சரி. இனிமே கிளாஸ் கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமை முழுக்க நான் வீட்லதான். அசைய மாட்டேன்!"

அவள் கோபிப்பாள், கெஞ்சுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சுங்க! டீச்சரம்மாவோட பேரப்பசங்க அஞ்சு பேரும் லீவுக்கு வர்றாங்களாம். அவங்களை யார்கிட்ட விட்டுட்டு வெளியே போறதுன்னு இப்பத்தான் பேசிட்டிருந்தோம். நீங்க பாத்துக்குங்க. அஞ்சும் தங்கமான பசங்க. ஒண்ணு மட்டும்தான் கடிக்கும்."

அந்த வாரம் பூராவும் நான் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. என் மனத்துக்குள் மட்டும் ஒரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை யாருக்கும் மூச்சுக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கினேன். தெருமுனை தாண்டித்தான் காலில் மாட்டினேன். தெருவில் ஈ காக்கை இல்லை. கடை திறக்க எவ்வளவு நேரமானாலும் படியில் உட்கார்ந்திருப்பது என்று தீர்மானம். அஞ்சு பேரக்குழந்தைகளும் டீச்சரும் அக்காவும் என்னைத் தேடிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பொண்டாட்டியை ஒரு தடவையாவது ஏமாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் நடை துள்ளியது.

கடைக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. என் சக்கரத்துக்குப் பக்கத்தில் சூடாக ஒரு காபி.

"வாங்க சார்" என்றாள் கடைக்காரி, கொட்டாவி விட்டுக்கொண்டே. "நீங்க இன்னைக்கு விடியும்போதே யாருக்கும் தெரியாம வந்துடுவீங்க, பாவம் வெளியே உக்கார வச்சுடாதேன்னு உங்க வீட்டம்மா நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."