மேற்படி என்றால் எந்தப் படி?

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பெரியவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புரியாமல் போட மாட்டேன் என்றுதான் சொன்னார். இந்த இரண்டுக்கும் நடுவில் நர்சின் காலைப்பொழுது முக்கால்வாசி கரைந்துபோயிருந்தது.

மணி பத்தேகால். பதினொன்றுக்கு அவருக்குக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி சோதனை. மூன்று மாதமாக ரத்தம் போவதை வீட்டில் மூச்சுவிடாமல் மறைத்து வைத்திருந்து, போன வாரம்தான் மகளிடம் மாட்டிக்கொண்டவர். இன்றைக்குத் தவறினால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான். ஆறு வாரத்தில் என்னென்ன ஆகும் என்று நர்சுக்குத் தெரியும்.

"இன்னொரு தடவ படிங்க சிஸ்டர். கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்."

நர்ஸ் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். சம்மத ஃபாரத்தின் அந்த வாக்கியத்துக்கு அது தேவைப்பட்டது. "‘மேற்படி செயல்முறையின்போது எதிர்பாராவண்ணம் நேரிடக்கூடிய விளைவுகளின்பொருட்டு, மருத்துவரால் அவசியமெனக் கருதப்படும் ஏனைய இடையீடுகளுக்கும், கீழே கையொப்பமிடும் நான் இதன்மூலம் சம்மதிக்கிறேன்.’"

"மேற்படின்னா எந்தப் படி?"

"படியெல்லாம் இல்லீங்கய்யா. மேல சொன்னதுன்னு அர்த்தம்."

"மேல என்ன சொல்லிருக்கு?"

நர்ஸ் மேலே பார்த்தாள். மேலே, ‘கீழ்க்காணும் செயல்முறை’ என்று போட்டிருந்தது.

சும்மா ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிடவும் முடியாது. போன மாதம்தான் புது உத்தரவு வந்திருந்தது. ‘வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு வரவும்’ என்ற குறிப்பைப் படித்துவிட்டு ஒரு ஆள் வயிற்றுக்குச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து நின்றதன் பலன் அது. இனிமேல் எல்லாவற்றையும் சாதாரணப் பேச்சில் விளக்க வேண்டும். புரிந்ததை நோயாளி தன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து.

"ஃபாரத்த விடுங்கய்யா. நான் சொல்றேன், கேளுங்க. மெல்லிசா ஒரு டியூப். அதோட நுனியில ஒரு கேமரா. அதப் பின்பக்கமா உள்ள விட்டு, மெதுவா சுத்திக்கிட்டே போய்ப் பார்ப்போம்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அலறல். "ஐயய்யோ! கண்ணுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம் சுத்தி வர்றீங்க?"

நர்ஸ் திரையை விலக்கினாள். இடது புருவத்துக்கு மேல் வெள்ளை பிளாஸ்திரியுடன், கண்புரை ஆபரேஷனுக்கு வந்திருந்த அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அது உங்களுக்கு இல்லம்மா. இவருக்கு."

"பொதுவா சொன்ன மாதிரில்ல இருந்துச்சு!"

யாருக்குச் சொல்கிறோம் என்று கண்ணால் பார்த்தாலாவது குழப்பம் வராது என்று நர்ஸ் திரையைத் திறந்தே வைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. இப்போது மூன்றாவது கட்டிலில் இருந்த லாரி டிரைவரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். பெரியவருக்கு அடுத்தபடியாக அவருக்கும் அதே சோதனைதான்.

"சரி. அந்த ‘ஏனைய’ன்னு ஏதோ வந்துச்சே, அது என்ன?" என்றார் பெரியவர்.

"உள்ள போய்ப் பார்க்கும்போது வேற ஏதாவது தெரிஞ்சா, அதையும் சேர்த்து எடுத்துடுவோம்."

"வேற ஏதாவதுன்னா? கிட்னியா?"

"கிட்னியா!" டிரைவர் கட்டிலைவிட்டு ஒரு காலை இறக்கினார்.

"யாரும் யாரோட கிட்னியையும் எடுக்கல! குடல்ல சின்னச் சின்னதா சதை வளந்திருக்கும். மரு மாதிரி. இருந்தா அத எடுத்துடுவோம். அவ்வளவுதான்."

கண் அம்மா தாடையைத் தடவிக்கொண்டார். "எனக்கு இங்க ஒரு மரு இருக்கு. கையோட அதையும் எடுத்துடுவீங்களா?"

நர்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணி பத்து இருபத்தைந்து. "வலிக்காம இருக்க ஊசி போடுவோம். அரைத் தூக்கமா இருக்கும். எழுந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரம் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

"ஆக, ஊசிக்கு அப்புறம் போட்டா செல்லாது, முன்னாடி போட்டா புரியாது" என்றார் பெரியவர்.

டிரைவர் இரண்டாவது காலையும் இறக்கிவிட்டார். "வண்டி ஓட்டக் கூடாதா? கீழ லாரிய லோடோட நிறுத்திட்டு வந்துருக்கேன் சிஸ்டர்!"

"உங்களுக்குப் போன்ல சொன்னாங்களே!"

"வாகனம் இயக்கக் கூடாதுன்னாங்க. நான் ஏதோ உடம்பு சம்பந்தமா சொல்றாங்கன்னு நெனச்சேன்."

நர்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. அதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. "ஆயிரத்துல ஒருத்தருக்குக் குடல்ல சின்னதா ஓட்டை விழலாம். ஆனா பயப்படாதீங்க. நம்ம டாக்டர் கையில இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட ஆனதில்ல."

"இதுவரைக்கும்னா எத்தனை பேர்?"

நல்ல கேள்வி என்று நர்சுக்குத் தோன்றியது. எண்ணிக்கையைக் காட்டினால் மனுஷனுக்குத் தைரியம் வரும். பதிவேட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய வேகத்தில் மூடவும் பார்த்தாள். அதற்குள் டிரைவர் எட்டிப் பார்த்து, நம்பர் பிளேட்டைப் படிக்கிற பழக்கத்தில் சத்தமாகப் படித்துவிட்டார்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

பெரியவர் விரல்விட்டு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார்.

"அப்போ நான்..." என்றார் பெரியவர்.

"அப்படியெல்லாம் வரிசையா வராதுங்கய்யா! அது சும்மா ஒரு கணக்கு!" அவர் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் அவசரமாக, "சரி, உங்களுக்கு யோசனையா இருந்தா டிரைவரண்ணன மொதல்ல அனுப்பிடறேன்" என்றாள்.

டிரைவர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "லாரிய கொஞ்சம் ஓரமா போட்டுட்டு வந்துடறேன் சிஸ்டர்."

"எனக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் கண் அம்மா. "ஒரு கண்ணு நல்லாத்தான் தெரியுது."

டிரைவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கண் அம்மாவுக்கு அவர் டாக்டரே வேறு என்று புரியவைத்துத் திரும்பியபோது மணி பத்தே முக்கால். நர்சுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. "ஐயா, இதுவரைக்கும் நான் சொன்னத உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "என்னை மயக்கி, பின்னால கேமராவ விட்டு, ஊரெல்லாம் சுத்திக் காட்டி, மரு கிடைச்சா எடுத்து, ஆயிரமாவது ஆளுங்கிற மரியாதைக்கு ஒரு ஓட்டையும் போட்டு, இவர் லாரியில ஏத்தி வீட்டுக்கு அனுப்புவீங்க."

டிரைவர் மறுபடி செருப்பைத் தேடினார்.

நர்ஸ் அந்த நாலு பக்கத்தையும் கட்டிலில் பொத்தென்று போட்டாள். "இத எழுதின மகராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

"கிடைச்சா?" பெரியவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"நாலு பக்கத்தையும் ஒரே மூச்சுல படிக்க வெப்பேன். அப்புறம், நேத்து உங்களக் குடிக்க வெச்சோமே வயித்தக் கழுவற மருந்து, அதுல ரெண்டு லிட்டர் ஊத்தி, கக்கூஸ் பக்கமே போக விடாம உக்கார வெப்பேன்."

"அது பெரிய கொடும, சிஸ்டர்" என்றார் பெரியவர் மனசார. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மரு இருக்கே. அது கெட்டதா இருந்தா?"

நர்சின் கோபம் அப்படியே நின்றது. முக்கால் மணி நேரமாக அவர் சுற்றிச் சுற்றி வந்த இடம் இதுதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எடுத்து லேபுக்கு அனுப்புவோம். ஒரு வாரத்துல தெரிஞ்சுடும்."

"என்கிட்ட சொல்லுவீங்களா? இல்ல, என் மகள வராந்தாவுல தனியா நிக்க வெச்சுச் சொல்லுவீங்களா?"

"உங்ககிட்டதான் சொல்லுவோம். உங்க உடம்புதானேய்யா."

"அது இந்த நாலு பக்கத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல."

"போட்டிருக்கணும்" என்றார் அவர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. "தோணியிருக்கணும்."

நர்ஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். எழுதினாள். ‘உங்கள் குடலுக்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டுப் பார்ப்போம். மரு மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுவோம். ஊசி போடுவதால் வலி அவ்வளவாகத் தெரியாது. ஆயிரத்தில் ஒருவருக்குக் குடலில் ஓட்டை விழும்...’

"‘விழலாம்’னு போடுங்க" என்றார் பெரியவர். "‘விழும்’னா வேற அர்த்தம் ஆயிடும். ‘விழுந்தால் உடனே சரிசெய்வோம்’னும் ஒரு வரி."

நர்ஸ் திருத்தினாள். ‘வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். என்ன தெரிந்தாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வோம்’ என்று முடித்து, சத்தமாகப் படித்துக் காட்டினாள். மொத்தம் எட்டு வரி.

"புரியுது" என்றார் பெரியவர், பேனாவுக்குக் கையை நீட்டியபடி.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார் டிரைவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "நான் கீழ போய் சாவிய கிளீனர்கிட்ட குடுத்து, வேற டிரைவரக் கூப்பிடச் சொல்லிட்டு வந்துடறேன். சத்தியமா வருவேன்."

"எனக்கு இன்னும் பெரிய எழுத்துல" என்றார் கண் அம்மா.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டாக்டர் எட்டிப் பார்த்தார். தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி ஃபாரத்துலயும் கையெழுத்து வேணுமே."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவரோ ஃபாரத்தை வாங்கி, நேராகக் கடைசிப் பக்கத்தின் வலது மூலைக்குப் போய் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரே ஒரு மரு, பட்டாணி அளவு. ஓட்டை கீட்டை ஒன்றும் இல்லை. பார்த்தவரைக்கும் பயப்படும்படி தெரியவில்லை, எதற்கும் லேப் முடிவு வரட்டும் என்று டாக்டர் சொன்னார். எழுதிக் கொடுத்தபடியே அதை முதலில் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து என்றார்.

இரண்டு மணிக்கு அவரை அழைத்துப்போக மகள் வந்தாள். நர்சுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஃபாரத்தையும் தன் எட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"பாவம்மா உங்கப்பா. அவ்வளவா படிக்காதவர் போலருக்கு. இந்த ஃபாரம் ஒரு வரிகூட அவருக்குப் புரியல. உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்தேன்."

கட்டிலில் பெரியவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

மகள் ஃபாரத்தைப் புரட்டினாள். போர்வையைப் பார்த்தாள். மறுபடி ஃபாரத்தைப் பார்த்தாள்.

"புரியலன்னாரா? யாருக்கும் புரியக் கூடாதுன்னே ரெண்டு மாசம் உக்காந்து இந்த ஆஸ்பத்திரிக்கு இத எழுதிக் குடுத்த வக்கீலே இவர்தானே, சிஸ்டர்!"