மூன்றாம் முறை கேட்காத கல்லூரி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து லிண்ட்விக் ஊரில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எழுதப்பட்ட சட்டங்களை அங்கே எப்போதாவது யாராவது மீறுவார்கள். இதை மீறியவர் ஒருவரும் இல்லை. யாராவது உங்களுக்கு ஏதாவது கொடுக்க வந்தால் முதல் முறை "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை "அட, எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை "நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று பெருமூச்சு விட்டு வாங்கிக்கொள்ளலாம். காபியானாலும் சரி, காரில் ஓர் இடமானாலும் சரி, சிறுநீரகமே ஆனாலும் சரி, இதுதான் நடைமுறை. பனி உடைந்து ஏரிக்குள் விழுந்த மின்னசோட்டாக்காரன்கூட, கயிறு வீசினால் இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் பிடிப்பான் என்று பக்கத்து மாநிலத்தார் சொல்வார்கள். அது மிகை. ரொம்ப மிகை என்று சொல்லிவிட முடியாது.

மார்லிஸ் ட்வைட் இந்தச் சட்டத்தில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அவள் பேருந்தில் மூக்கு ஒழுக ஏறியவர்கள். இப்போது அவள் முழங்கால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முனகியது. பேருந்துப் பிரிவின் மேலாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த வேலைக்குக் கணப்பு வைத்த ஓர் அறை, சுழலும் நாற்காலி, ஒரு ரேடியோ. மிதிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் ஈராண்டுக் கல்லூரிப் பட்டம் வேண்டும். மார்லிஸுக்கு அதில் ஒரே ஒரு பாடம் பாக்கி.

அந்தப் பாடத்தின் பெயர் "மனிதர்களுக்கிடையே தெளிவான தகவல் பரிமாற்றம்". லிண்ட்விக் சமுதாயக் கல்லூரி அதை இணையவழித் தொலைதூரக் கல்வியாக மட்டுமே நடத்தியது. தொலைதூரம் என்பது பேருந்துக் கொட்டகையிலிருந்து ஒரு சாலையைக் கடக்கும் தூரம். கொட்டகை வாசலில் நின்று தும்மினால் கல்லூரியில் யாராவது ஆசீர்வதிப்பார்கள். இருந்தாலும் தொலைதூர மாணவர்கள் நேரில் வரக்கூடாது. வந்தால் தொலைதூரம் கெட்டுவிடும்.

பாடம் மார்லிஸுக்குப் பிடித்திருந்தது. கடைசிக் கட்டுரையின் தலைப்பு: "எனக்கு வேண்டியதை நான் தெளிவாகக் கேட்பது எப்படி?" அதை எழுதிக்கொண்டிருந்தபோது பனிக்கட்டிப் புயல் அடித்து ஊரின் இணையம் படுத்துவிட்டது. திரும்பி எழுந்தபோது கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. கட்டுரையோ பாதியில் நின்றது. அப்போது திரை தானாகவே கனிவோடு கேட்டது:

"உங்கள் பகுதியில் புயல் என்று அறிகிறோம். கூடுதலாக ஒரு வாரம் வேண்டுமா?"

மார்லிஸ் நெகிழ்ந்துபோனாள். இயந்திரத்துக்குக்கூட இவ்வளவு மனசா! உடனே "வேண்டாம், நன்றி" என்பதை அழுத்தினாள்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக" என்று அழுத்தினாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தபடி மூன்றாம் கேள்விக்குக் காத்திருந்தாள்.

திரை பச்சையாக மாறியது. "உங்கள் முடிவை மதிக்கிறோம்" என்றது. கெடு முடிந்தது. மதிப்பெண் சுழியம்.

மறுநாள் அவள் கல்லூரி வாகன நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்தபடியே கைபேசியில் மாணவர் வெற்றிப் பாதை வழிகாட்டியைக் கூப்பிட்டாள். அந்தப் பெரிய பதவியில் இருந்தவன் டேரில் கனூட்சன். சின்னப் பையனாக அவள் பேருந்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தவன். எதிர் ஜன்னலில் உட்கார்ந்து கையசைத்துவிட்டு வீடியோவில் தோன்றினான்.

"சொல்லுங்கக்கா. தொலைவிலிருந்து பேசுறீங்களா?"

"உன் ஜன்னலுக்கு நேரா நிக்கிறேன்டா. உன் காபிக் கோப்பையில என்ன எழுதியிருக்குன்னு தெரியுது."

"அப்போ தொலைவுன்னு போட்டுக்கறேன். என்ன பிரச்சினை?"

சொன்னாள். டேரில் பதிவுகளைப் பார்த்து உதட்டைக் கடித்தான்.

"ரெண்டு தடவை கேட்டிருக்கு, அக்கா. ரெண்டு தடவையும் நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க."

"வேண்டாம்னா வேணும்னுதானேடா அர்த்தம்! உங்க அம்மா வீட்டுல நீ எப்படிடா சோறு சாப்பிடுறே?"

"எனக்குப் புரியுதுக்கா. எனக்குக் கண்ணுல தண்ணியே வருது. ஆனா இந்த மென்பொருள் கலிஃபோர்னியாவுல வாங்கினது. அங்கல்லாம் முதல் தடவையே சரின்னு சொல்லிடுவாங்களாம்."

"முதல் தடவையேவா? வெக்கமில்லாம?"

"வெயில் ஊருக்கா அது. அவசரத்துல இருப்பாங்க."

மேல்முறையீடு போடப்பட்டது. அது கல்லூரித் தலைவர் முனைவர் கிளாரிஸ் ஃபென்ஸ்கேயின் மேசைக்குப் போனது. தலைவர் அண்மையில்தான் ஒரு மாநாட்டுக்குப் போய், "மண்ணின் பண்பாட்டுக்கு இசைந்த எண்ணியல் பரிவு" என்ற சொற்றொடரைக் கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தார். குழு அமைந்தது. குழுவுக்கு ஆலோசனை சொல்ல இன்னொரு குழு அமைந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு நிபுணர் வந்து, கொடுத்த மதிய உணவை முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டு எல்லாரையும் அதிரவைத்துவிட்டு, மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார். இனிமேல் அது எதையும் மூன்று முறை கேட்கும். இரண்டு "வேண்டாம்" வந்தபின் மூன்றாம் கேள்விக்கு மௌனம் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்.

கல்லூரி பொங்கி வழிந்தது. மென்பொருள் தானே தொலைபேசியில் அழைத்து, "உலோகப் பற்றவைப்புப் பயிற்சியில் சேர்கிறீர்களா?" என்று ஊர் மக்களைக் கேட்டது. அவர்கள் முறைப்படி இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாம் தடவையும் மறுக்க ஊரில் முறை இல்லாததால் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். லூத்தரன் தேவாலயப் போதகர் பற்றவைப்பு மாணவரானார். பற்றவைப்புக்காரர் குழந்தை வளர்ப்பு மாணவரானார். முதியோர் இல்லத்தில் படுத்திருந்த ஒரு பாட்டனார் பனிச்சறுக்கு மீட்புப் படையின் இறுதியாண்டை எட்டினார். "உங்கள் பெயரை நீக்கவா?" என்றும் மென்பொருள் கேட்டது. அதற்கும் எல்லாரும் மரியாதையாக "வேண்டாம், எதுக்குச் சிரமம்" என்றார்கள். அந்த ஒன்றை மட்டும் அது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. மாணவர் சேர்க்கையைப் பாராட்டித் தலைநகரிலிருந்து கேடயம் வந்தது.

இந்தப் பரபரப்பில் மார்லிஸின் மேல்முறையீட்டை எல்லாரும் மறந்திருந்தார்கள். அவள் மறக்கவில்லை. தவறு எங்கே என்று பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கணவன் ஆரினைச் சமையலறையில் எதிரே உட்காரவைத்தாள்.

"கேளு."

"என்னத்த?"

"ஏதாவது வேணுமான்னு கேளு. நான் பழகணும்."

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வை."

ஆரின் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். "மார்லிஸ், உனக்கு என்மேல ஏதாவது கோபமா?"

"இல்ல. எனக்கு உருளைக்கிழங்கு வேணும்."

"டாக்டர்ட்ட போயிட்டு வருவமா?"

"போவோம். அதையும் முதல் தடவையிலேயே சொல்லிட்டேன் பாரு!"

ஆரின் பயந்தான். மார்லிஸுக்கோ நாள் போகப்போக அதில் ஒரு குஷி. தேவாலயத்து விருந்தில் தட்டில் எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு கிடந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதியை வெட்டுவார், அடுத்தவர் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குக்கூட அவமானமாக ஒரு துணுக்கு மிஞ்சும். மார்லிஸ் போனாள். முழுசாக எடுத்தாள். நின்ற இடத்திலேயே தின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய கூச்சல் கிடையாது.

ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. தலைவரும் டேரிலும் கட்டடத்துக்குள்ளே. மார்லிஸ் வழக்கம்போல வெளியே பேருந்துக்குள். பரிவு மென்பொருள் நடுவே.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்தக் கல்லூரியின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட மாணவி நீங்கள். உங்களுக்குக் கிடைக்காமல் போன அந்தக் கேள்வியை இன்று முறைப்படி கேட்கிறோம். மார்லிஸ் ட்வைட், கூடுதலாக ஒரு வாரம் வேண்டுமா?"

"ஆமாம்" என்றாள் மார்லிஸ். "வேணும்."

குரல் கணீரென்று வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

திரை சிவந்தது. "இந்தப் பதில் இப்பகுதி மக்களின் இயல்போடு பொருந்தவில்லை. ஆள்மாறாட்டம் எனச் சந்தேகிக்கிறோம்."

"நான்தாங்க! ஜன்னல் வழியாப் பாருங்க!"

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "தொலைதூர மாணவரை ஜன்னல் வழியே அடையாளம் காண விதியில் இடமில்லை, அம்மா."

டேரில் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ரெண்டே ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிடுங்க. எல்லாம் சரியாப்போயிடும்."

மார்லிஸ் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கணப்பு அறை கண்முன் வந்தது. முழங்கால் வலித்தது.

"சரி... வேண்டாம்" என்றாள்.

திரை இன்னும் சிவந்தது. "வேண்டும் என்றவர் இப்போது வேண்டாம் என்கிறார். சந்தேகம் உறுதியாயிற்று."

தலைவர் மிகுந்த வருத்தத்தோடு தீர்ப்பைப் படித்தார். உண்மையான மார்லிஸ் ட்வைட் எப்போதாவது தொடர்புகொண்டால் கல்லூரி அவருக்கு எல்லா உதவியும் செய்யும் என்று அதில் இருந்தது.

மேலாளர் வேலை டுவெய்ன் ரஸ்முசெனுக்குப் போயிற்று. அவனும் பேருந்து ஓட்டுபவன்தான். அவனுக்கும் அதே ஒரு பாடம்தான் பாக்கி. கணினியைத் திறந்தே பார்க்காதவன். மென்பொருள் அழைத்துச் சேர்கிறாயா என்றது, அவன் மறுத்தான், சேர்க்கப்பட்டான். கட்டுரை எழுதினாயா என்றது. "இல்லீங்க" என்றான். நிச்சயமாகவா என்றது. "சத்தியமா இல்லீங்க" என்றான். மூன்றாம் தடவைக்கு வெட்கப்பட்டு மௌனமானான். தன்னடக்கத்தைப் பாராட்டி முதல் தரம் வழங்கப்பட்டது.

அடுத்த குளிர்காலத்தின் முதல் பெரும்பனி ஒரு திங்கட்கிழமை காலையில் கொட்டியது. மார்லிஸ் பேருந்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ கரகரத்தது. கணப்பு அறையிலிருந்து டுவெய்ன்.

"மார்லிஸ், ஏரிக்கரை ரோட்டுல பனி ஜாஸ்தி. உனக்குச் சிரமமா இருந்தா இன்னைக்கு விட்டுரு. நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

லிண்ட்விக்கில் இதற்கு ஒரே பொருள்தான்: இன்னும் கிளம்பலையா? ரேடியோவில் இருந்த மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் அவள் "அட, பரவாயில்லை" என்பதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

"சரி, டுவெய்ன். விட்டுடறேன்" என்றாள் மார்லிஸ். "ரொம்ப நன்றி."

எஞ்சினை நிறுத்தினாள். முழங்காலைத் தடவிக்கொண்டே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏரிக்கரை ரோட்டில் டேரில் தன் மகளோடும், தலைவர் ஃபென்ஸ்கே தன் பேரனோடும் முழங்காலளவு பனியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். டுவெய்ன் பதறிப்போய்ப் பள்ளியின் தானியங்கித் தொலைபேசியை முடுக்கிவிட்டான். அது ஏரிக்கரைப் பெற்றோர் எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைத்து, மாற்றுப் பேருந்து அனுப்பட்டுமா என்று கேட்டது. பள்ளிக்குப் பணம் குறைவு. அந்த இயந்திரம் ஒரே ஒரு தடவைதான் கேட்கும்.

"ஐயோ, எதுக்குச் சிரமம்?" என்றார்கள் எல்லாரும், நீலம் பாரித்த உதடுகளால். பிறகு கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு, புன்னகை மாறாமல் நின்றார்கள்.