நைனாவின் துப்பாக்கியும் வராத காக்காவும்

பெற்ற அப்பாவின் முதல் வருஷத் திவசத்தன்று வைக்கோல் போரைக் கொளுத்தியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் வரட்டும், சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.

எங்கள் நைனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாஷ்டா கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால், நான் பிறக்க எத்தனையோ வருஷம் முன்னால், பட்டாளத்தில் இருந்தார். பர்மா யுத்தத்துக்குப் போய் வந்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால், அது ஒரு பேஜார், புள்ள, அத்த வுடு என்று சொல்லிவிட்டு வடை தட்டப் போய்விடுவார். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, சொல்லித் தீர்த்தார். "பட்டாளத்துல இன்னா பண்ணான்? உருளைக்கெயங்கு உரிச்சான். அங்கயும் சமையலு, இங்கயும் சமையலு." கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் இதே பாட்டு. ஜனங்கள் சிரிப்பார்கள். நைனாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

(மறைப்பானேன்? அந்த ரோஷம் நைனாவுக்காக இல்லை, எனக்காக. ஸ்கூலில் என் பெயர் வடைக்கடைப் பொண்ணு. மத்தியானம் அவர் தூக்குச்சட்டியோடு கேட்டில் வந்து நின்றால், யாரோ எவரோ என்று வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். சட்டையெல்லாம் எண்ணெய் வாசனை. இப்போது அந்த வாசனையை ஒரு தடவை முகர்ந்தால் போதும் என்று இருக்கிறது, எங்கே போய்க் கேட்பது?)

எமர்ஜென்சி சமயத்தில் நைனா போய்விட்டார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். காக்கித் துணியில் சுற்றி ஒரு சாமான் இருந்தது. பித்தளையில் குட்டையான குழாய், கட்டைவிரல் தாராளமாக நுழைகிற வாய், மரப்பிடி, விசை, பிடிக்கு அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். கூடவே அட்டையில் செய்த தடித்த தோட்டா, ஒன்றே ஒன்று. அம்மா அதைப் பார்த்ததே இல்லையாம். பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே இருந்திருக்கிறது.

அது என்னவென்று கண்டுபிடிக்க நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! ஒயர் கூடையில் கத்திரிக்காய்க்கு அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன். சைக்கிள் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய காரின் ஹாரன், ரப்பர் பந்துதான் காணோம் என்றார். கம்பவுண்டர் மாட்டுக்கு மருந்து புகட்டுகிற குழாய் என்றார். (விசை எதற்கு என்று கேட்டேன். மாடு பயப்படுவதற்கு என்றார்.) வாலாஜாபாத்தில் பாத்திரக் கடைக்காரர் எடைக்குப் போடுகிறாயா என்று கேட்டார். கத்திரிக்காய்தான் வாடியது.

கடைசியில் நானே துப்புத் துலக்கினேன். குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் சில எண்கள் தெரிந்தன. பக்கத்திலேயே காக்கா கால் பதிந்த மாதிரி மூன்று கோடு. போதாதா? இவ்வளவு பெரிய வாய் என்றால் குண்டு யானையையே சாய்க்கும், இதைப் பெரிய வீரர்களுக்குத்தான் தருவார்கள், ஆகவே நைனா சமையல்காரர் இல்லை, எதிரியை நேருக்கு நேர் நின்று சுட்டவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். சாட்சியும் நானே, ஜட்ஜும் நானே. திவசத்தன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியப்பா தன் வாயால் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அன்றைக்கு நைனாவின் படத்துக்கு முன்னால் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். பெரியப்பா குனிந்து பார்த்து, "இன்னாம்மா இது, எண்ண ஊத்தற புனலா?" என்று கேட்டார்.

படையல் முடிந்தது. கொல்லை மதில்மேல் இலையில் சாதம், பருப்பு, வடை எல்லாம் வைத்து, கா கா என்று கூப்பிட்டோம். காக்கா வந்து வாய் வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். காக்கா வரவில்லை. ஏரிக்கரைப் புளியமரத்தில் கும்பலாக உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தன. மணி ஒன்று ஆயிற்று. செத்தவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார்கள். குறை என்றால் வாக்குக் கொடுக்க வேண்டும். இவளுக்குத் தை மாசத்தில் கல்யாணம் முடித்துவிடுகிறேன் என்று அம்மா மதிலைப் பார்த்துச் சொன்னாள். (என்னைக் கேட்கவே இல்லை.) பெரியம்மா நைனாவிடம் வாங்கிப் போன இட்லிப் பானையைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டாள். அப்போதும் வரவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "பெரிப்பா, நீ சொல்லு. இனிமே ஒன்ன சமையல்காரன்னு சொல்லமாட்டேன்னு சொல்லு. அது வரும்" என்றேன்.

"பொய்யா சொன்னேன்? நடந்ததத்தானே சொன்னேன்" என்றார் பெரியப்பா. பசி வேறு அவருக்கு. "இந்தப் புனல வச்சிக்கினு அவன் யார சுட்டான்?"

போய் எடுத்துவந்தேன். குழாயை மடக்கித் தோட்டாவைச் செருகினேன். வானத்தைப் பார்த்துப் பிடித்து விசையை அழுத்தினேன். ஒன்றும் ஆகாது என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். முப்பது வருஷத்துப் பழைய சரக்குதானே.

டொம் என்று ஒரு சத்தம். நான் துளசி மாடத்தில் போய் விழுந்தேன். பட்டப்பகலில் செக்கச்செவேல் என்று ஒரு நெருப்பு உருண்டை மேலே போய், சற்று யோசித்து, இறங்கி, நேராகப் பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் உட்கார்ந்தது. உத்திரமேரூரில் இருந்த காக்காய் அத்தனையும் செங்கல்பட்டுப் பக்கம் பறந்தன. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு எல்லாரும் ஓடினார்கள். கிணற்றுத் தண்ணீர் வருவதற்குள் பெரியம்மா ஒரு அண்டா ரசத்தை அப்படியே போர்மேல் கவிழ்த்தாள். நெருப்பு அணைந்தது. அந்த வீட்டு மாடு ஒரு வாரம் வைக்கோலைத் தொடவில்லை.

எல்லாரும் என்மேல் பாய இருந்த நேரத்தில், ஏரிக்கரை ரைஸ் மில் வாட்ச்மேன் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஊருக்குப் புதுசு, பட்டாளத்தில் இருந்து வந்தவர். "யாரு? இங்க யாரு தொலைஞ்சி போனது?" என்று கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். காக்கா காலைத் தடவி, அது பட்டாளத்து முத்திரை என்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இது ஆள சுடறது இல்லம்மா. வெளிச்சம் வுடறது. காட்டுல தனியா மாட்டிக்கினவன் இத்த மேல வுடுவான். நான் இங்க கீறேன், வந்து என்ன இட்டுக்கினு போங்கன்னு அர்த்தம்."

இதை யார் கையில் தருவார்கள் என்று கேட்டேன். லாரி ஓட்டுகிறவன், டெலிபோன் கம்பி இழுக்கிறவன், சமையல்காரன், யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம், காட்டில் எல்லாரும்தானே தொலைகிறார்கள் என்றார். எத்தனை தோட்டா இருந்தது என்று கேட்டார். ஒன்று என்றேன். "அப்ப அது கடசி. ஆபத்துக்குன்னு வச்சிருந்திருப்பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை, அவர் செத்த அன்றைக்குக் கூட அப்படி அழவில்லை. ஒரு மனுஷன் அத்தனை வருஷம் பூட்டி வைத்ததை, அவர் வடைக்காரர் இல்லை என்று காட்டுவதற்காக ஒரு நிமிஷத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டேனே.

பெரியப்பா மதில் பக்கம் போய் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "தம்பி, பட்டாளத்துக்கு வூட்டுக்கு ஒருத்தன் வான்னு கூப்பிட்டப்ப எனக்கு பயம்டா. நீ போன. அந்த வெக்கத்துலதான் அப்பிடி சொல்லிக்கினு திரிஞ்சேன். இனிமே சொல்லல. வாடா."

காக்கா நாலு மணிக்கு வந்தது. சாதத்தைத் தொடவில்லை, வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ரசமில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டோம். அம்மா அன்றைக்கே துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டாள். கிணறு தூர் வாரும்போதெல்லாம் நான் போய் நிற்பேன். அது அகப்படவே இல்லை.

இப்போது என் பேரப்பிள்ளைகள் வரை இந்தக் கதை தெரியும். படையலுக்குக் காக்கா வரச் சுணங்கினால், "வெளியே இருக்கிறதெல்லாம் உள்ளே எடுத்து வைங்க, பாட்டி சுடப்போறா" என்று யாராவது சொல்லுவார்கள். ரச அண்டாவை ஒருத்தி தயாராகத் தூக்கிக்கொண்டு நிற்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மதில் பக்கம் போய், கா கா என்று கூப்பிடுவேன். அவர்கள் காதில் அது காக்காவைக் கூப்பிடுவதாகத்தான் விழும். நைனா, நான் இங்கதான் கீறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.