மஞ்சள்மேல் தங்கம்

சகலை கருப்பண்ணன் பெயர் பிளெக்ஸில் இருக்க வேண்டும். ஆனால் ஒருவர் கண்ணிலும் படக் கூடாது. இப்படி ஒரு முடிவெடுத்தபோது, தன் மூளையை நினைத்து மாதையனுக்கே புல்லரித்தது.

கருப்பண்ணன், மாதையனின் மனைவி யுவராணிக்கு அக்கா புருஷன். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர். மாமியார் வீட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும், நல்லியெலும்பு மட்டும் வழி தெரிந்த மாதிரி அவர் இலைக்கே போய்விடும். மாதையனுக்கு வயிறு எரியும். மிளகாயால் அல்ல, பொறாமையால்தான்.

இப்போது மாதையன் மகனுக்குக் கம்பைநல்லூரில் காதுகுத்து. "மாமா பேரு இல்லாம பிளெக்ஸ் அடிச்சா எங்கக்கா பந்தல்ல கால் வெக்க மாட்டா" என்று யுவராணி சொல்லிவிட்டாள். மாதையன் மொரப்பூர் பிளெக்ஸ் கடைக்குப் போய்க் காதோடு காதாகச் சொன்னார். தன் பெயர் வெள்ளையில் கருநீலம். சகலை பெயர் மஞ்சளில் தங்க நிறம்.

பிளெக்ஸின் மாதிரிப் படம் போனில் வந்தது. யுவராணி வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, மாமா பேரக் காணமே?"

"அந்த மஞ்சக் கட்டத்துல இருக்குது பாரு."

"மஞ்சமேல மஞ்சளா எழுதுனா யாருக்குங்க தெரியும்?"

"மஞ்சளில்ல, தங்கம்! மரியாதப்பட்டவங்க பேரத் தங்கத்துலதான் போடோணும். எனக்குக் கருநீலமே போதும். நான் எளிமையான ஆளு."

"படிக்க முடியலீங்களே?"

"கண்ணு நல்லா இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"அப்ப தங்கந்தான் மரியாதைங்களா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"சரிங்க" என்று யுவராணி அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதில்லை. மாதையன் அப்போதே பயந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காபி கேட்டார்.

விழா நாளன்று பந்தல் வாசலுக்கு வந்த மாதையன் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளையில் கருநீலமாக, பஸ்ஸில் போகிறவர்கூடப் படிக்கும்படி 'கருப்பண்ணன்' என்றிருந்தது. தன் பெயரைத் தேடினார். மூக்கு பிளெக்ஸில் இடித்தபோது, மஞ்சளுக்குள் ஏதோ நெளிவது தெரிந்தது.

"யுவராணி! என்னடி இது?"

"நான்தாங்க கடைக்குப் போன் பண்ணி மாத்தச் சொன்னேன். பையனப் பெத்தவரு நீங்க இருக்கறப்ப மாமாவுக்குப் போயித் தங்கமா? அந்த மரியாத உங்களுக்குத்தாங்க." பிறகு கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். "ஏங்க, படிக்க முடியலீங்களா?"

மாமியார் சின்னம்மாளும் சகலையும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். தெரியவில்லை என்றால் குட்டு உடைந்துவிடும்.

"பளிச்சுனு தெரியுது" என்றார் மாதையன்.

மொரப்பூரில் ரயிலிறங்கி வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் பிளெக்ஸைப் படித்தார். கருப்பண்ணன் யாரென்று விசாரித்து, நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்கு நல்லபடியாக் காது குத்துங்க" என்று வாழ்த்தினார். கறிச்சோறு சாப்பிட்டு எழுந்தவர், வாசலிலேயே நின்றிருந்த மாதையனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க பந்தக்காரரே, கை கழுவற எடம் எங்கீங்க?"

மாதையன் கூடவே போய்த் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.