கண்ணில் ஒற்றிய பொங்கல் வாழ்த்து

பெண் கேட்கப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போவான், பூ வாங்கிக்கொண்டு போவான். நான் என் கையால் செய்த பொங்கல் வாழ்த்து அட்டையோடு போனேன். அந்த அறிவை எனக்கு யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் எனக்கு மார்க் அடிக்கிற வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டை மூட்டை மேல் வைத்து, மையைத் தொட்டு பிரஷால் குத்தினால் எழுத்து விழும். (என்ன எழுத்து என்று என்னைக் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன் நான்.)

ஏரலில் மளிகைக்கடை வைத்திருந்த மாமாவுக்கு ஒரே மகள், செல்லம்மா. அவளைக் கட்ட எனக்கு ஆசை. மாமாவோ, "மூட்டையில மை அடிக்கவனுக்கா என் மவளக் குடுப்பேன்?" என்று சொல்லிவிட்டு, ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் மாமா மனசை மாற்றியாக வேண்டும். மை அடிக்கிற கையின் வித்தையை அவருக்குக் காட்ட முடிவு செய்தேன்.

காகிதம் கிடைக்காத நேரம். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிக்கொண்டேன். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி வானம் செய்தேன். டின் தகரத்தில் சூரியனும் கரும்பும் வெட்டி, காவியில் குத்தினேன். நடுவில் வேல், பக்கத்தில் மயில். (மயில் கோழியாகத்தான் வந்தது. தோகையைக் கூட்டினேன், பெரிய கோழியானது.) அவை இரண்டும் எடுப்பாக இருக்கட்டும் என்று கிட்டங்கி மையைக் குழைத்துக் கனமாக அடித்தேன். கடல் தண்ணீர் பட்டாலும் அழியாத மை. ஆனால் இரண்டு நாள் வெயிலில் காய வேண்டும். நான் ஒரு நாள்தான் விட்டேன். தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. மேலே ஆடை மட்டும்தான் கட்டியிருக்கிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

பொங்கலன்று காலையில் பஸ் ஏறினேன். அப்போது பெட்ரோல் ஏது, கரியில் ஓடுகிற பஸ். பாதி வழி அது நம்மைச் சுமக்கும், மீதி வழி நாம் அதைத் தள்ள வேண்டும். எங்கே விட்டேன்? ஆமாம், ஏரலில் இறங்கும்போது என் முகமெல்லாம் கரி.

"ஏலே, மூஞ்சியக் கழுவிட்டு வா. நல்ல நாளும் அதுவுமா" என்றார் மாமா.

கழுவிவிட்டு வந்து அட்டையை நீட்டினேன். முற்றத்தில் பானை பொங்கி முடிந்திருந்தது.

"வேலும் மயிலும்லா இருக்கு" என்றார் மாமா. அதை மயில் என்று சொன்ன முதல் மனிதர் அவர்.

சாமி படம் கைக்கு வந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாமா கண்ணில் ஒற்றினார். அத்தை ஒற்றினாள். மாமாவின் தம்பி ஒற்றினார். ஒற்றிய கையோடு மூவரும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு நின்றதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதிரே சூடத்தட்டோடு நின்ற செல்லம்மாதான் பார்த்தாள். ஆறு கண்ணைச் சுற்றியும் கறுப்பு. மாமாவின் வலது கண்ணில் கோழிவால்.

அட்டை அவள் கைக்குப் போனது. அட்டையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கண்ணிலும் அழுத்தி, நிதானமாக ஒற்றினாள்.

அந்நேரம் வீட்டு முன்பக்கக் கடைக்கு மஞ்சள் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்டோட எல்லாருக்கும் கண்ணுவலியா?" என்றார்.

தேங்காயெண்ணெய் தேய்த்தார்கள். மை கன்னத்துக்கு இறங்கியது. சீயக்காய் போட்டார்கள். கண் எரிந்தது, மை அசையவில்லை.

"இது எப்பம்லே போவும்?"

"பத்து நாள்ல மங்கும் மாமா. லேசுல போவாது. நல்ல மை" என்றேன், தொழில் பெருமையை விட முடியாமல்.

மாமா விறகுக்கட்டையை எடுத்தார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

மறுநாள் வந்த ஆறுமுகநேரிக்காரர்கள், குடும்பமே கறுத்த கண்ணோடு வாசலில் வரவேற்றதைப் பார்த்து, ஏதோ ஒட்டுவாரொட்டிச் சீக்கு என்று காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்களாம். சேதி பரவி, வேறு மாப்பிள்ளையும் வரவில்லை. ஆவணியில் மாமாவே எனக்கு ஆள் விட்டார்.

கல்யாணம் முடிந்ததும் செல்லம்மாவிடம் கேட்டேன். "மை ஒட்டுதுன்னு தெரிஞ்சும் ஏன் ஒத்துன?"

என் மேல் உள்ள பிரியத்தைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அந்த மாப்பிள்ளைய நான் முன்னமே கடையில பாத்துட்டேன்" என்றாள்.

இன்றும் யார் கல்யாணப் பத்திரிகை நீட்டினாலும், எங்கள் வீட்டில் முதலில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணில் ஒற்றுவார்கள். கொண்டுவந்தவர் முகம் சுருங்கும். அவருக்குக் காரணம் சொல்கிற வேலை என்னுடையது.