சேவல் மார்க் பிராந்தியும் ‘அதில்ல’ சொல்தாவும்

பாகூரில் யாரும் பொய் சொல்லிப் பிழைக்க முடியாத நேரம் என்று ஒன்று இருந்ததென்றால், அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பத்தரை மணி வரைக்கும்தான். அந்த அரை மணி நேரம் எண்ணெய்க் கடைக்காரர் கலப்படத் தகரத்தை உள்ளே தள்ளிவிட்டு நல்ல தகரத்தை முன்னால் வைப்பார். நெய் விற்கிற அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடுவாள். காரணம், செலியமேட்டிலிருந்து ‘அதில்ல’ சொல்தா நடந்து வருகிற நேரம் அது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்போம். இவர் சைகோனில் பதினைந்து வருஷம் இருந்தவர். அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டில் திறப்பதுதான் உத்தியோகம். ஊர் திரும்பியபோது கையோடு வந்தவை ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு கறுப்புக் குடை, ஒரு மூக்கு. அந்த மூக்கு இருந்ததால்தான் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்போது பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் ஊராட்சியான கொம்யூன் ஆபீசில், குமாஸ்தா. சொல்தா உயிரோடு இருக்கிறார் என்று மேயர் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் அவருக்குப் பென்ஷன் வரும். ஒரு தடவை மேயர் ஊரில் இல்லை. அவர் கையெழுத்தை அவரைவிட அழகாக நான் போடுவேன். மேயரே அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். போட்டு நீட்டினேன். சொல்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை அவர் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ‘ஐயா’ மாதிரி.

“முசே, இது அது இல்ல.”

“எது இல்ல?”

“இது மேயர் கையி இல்ல. அவுரு வால இழுக்கறப்ப கொஞ்சம் நடுங்கும். இது நடுங்கல.”

“பென்ஷன் தள்ளிப்போயிடும் சொல்தா. வாங்கிக்கினு போங்க.”

“தள்ளிப்போனா போவட்டும். நான் உசுரோட இருக்கேன்னு பாத்த மனுசன்தான சொல்லணும்?”

மூன்று வாரம் காத்திருந்து, நடுங்கும் வாலோடு வாங்கிக்கொண்டு போனார்.

மதகடிப்பட்டுச் சந்தையில் ஒருவர் மாடு பேசி முடித்துவிட்டு வெற்றிலை போடத் திரும்பிய நேரத்தில், தரகன் கயிற்றை வேறு மாட்டுக்கு மாற்றிவிட்டான். வழியோடு போய்க்கொண்டிருந்த சொல்தா நின்றார். “இது அது இல்ல” என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் நடந்த அடிதடிக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதவர் மாதிரி.

ஆனால் அவருடைய நிஜமான யுத்தம் சபாபதியின் பிராந்திக் கடையில்தான் நடந்தது.

சபாபதி கடையில் சீமைச் சரக்கு இரண்டு தினுசு. ஒன்று சேவல் மார்க், உசத்தி. இன்னொன்று நங்கூரம் மார்க், மலிவு. குடிக்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு லேபிளில் இருக்கும் பிரெஞ்சு எழுத்து தெரியாது. படம்தான் அடையாளம். சேவல் படம் போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றினால் அது சேவல் பிராந்தி. ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

சொல்தா வாரத்துக்கு ஒரே ஒரு கிளாஸ் குடிக்கிறவர். முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார், பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார், சேவல் கேட்டார். சபாபதி ஊற்றினான். சொல்தா கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார். கீழே வைத்தார்.

“இது அது இல்ல.”

“இன்னா சொல்தா இப்பிடிச் சொல்ற? பாட்டிலப் பாரு. சேவலு நிக்குது பாரு.”

“வெளிய சேவலு நிக்குது. உள்ள நங்கூரம் கெடக்குது.”

கடையே சிரித்தது. சபாபதியும் சிரித்தான். சொல்தா மட்டும் சிரிக்காமல் கிளாஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற பூவரச மரத்தின் அடியில் ஊற்றினார். கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்ததிலும். மழை, வெயில், காய்ச்சல், எதற்கும் நிற்கவில்லை. ஒன்றரை வருஷம்! கேட்பார், முகருவார், “இது அது இல்ல” என்பார், மரத்துக்கு ஊற்றுவார். ஊரிலேயே அதிகமாகக் குடிக்கிற ஆசாமி அந்தப் பூவரசுதான் என்று பேச்சு. காற்றில்லாத நாளிலும் அது ஆடுகிறது என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு.

ஒரு நாள் மேரிக்கு வந்து, “முசே, ஒரு மனு எழுது” என்றார்.

“அந்தக் கடைக்குப் போவாம இருந்துட்டா என்ன சொல்தா? வில்லியனூர்ல கடை இல்லியா?”

“ஏமாத்துறான், அது பரவால்ல. ஏமாந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறான் பாரு, அதான் எனக்கு ஆவல.”

எழுதினேன். எனக்கும் அப்போது இருபத்து நாலு வயசு. என் பிரெஞ்சின்மேல் எனக்கே காதல். ‘மக்களின் நாவுக்கு இழைக்கப்படும் துரோகம்’ என்றெல்லாம் போட்டு இரண்டு பக்கம் தீட்டினேன். மேயர் படித்தார். மாலை ஆனால் அவரும் சபாபதி கடைச் சேவலைத்தான் வீட்டுக்குத் தருவித்துக் குடிப்பவர் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

“பத்து வருஷமா நான் குடிக்கிறது சேவல் இல்லியா? அத கண்டுபிடிக்க எனக்கு நாக்கு இல்லியா?” என்று குதித்தார். சபாபதியைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வந்து ஒரு மூச்சு அழுதான். பரீட்சை வைத்துவிடலாம் என்று அவனே சொன்னான். மூன்று கிளாஸ். ஒன்றில் நங்கூரம், ஒன்றில் சாயம் போட்ட உள்ளூர்ச் சாராயம், ஒன்றில் மேயர் கண்ணெதிரே அரக்கு முத்திரை உடைத்து ஊற்றும் சேவல். சேவலைச் சொல்தா சரியாகக் காட்டிவிட்டால் சபாபதி கடையை மூடிவிடுவான். காட்டாவிட்டால், சொல்தா நடுத்தெருவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனிமேல் பாகூர் எல்லையை மிதிக்கக் கூடாது.

“அவரு தோத்தா, மனு எழுதுன நீ மாத்தலாகி ஏனாம் போற” என்றார் மேயர் என்னிடம். ஏனாமும் பிரெஞ்சுச் சீமைதான், ஆனால் எங்கேயோ தெலுங்கு தேசத்தில் கிடக்கிறது. எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கூடிவிட்டன. மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். முத்திரையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். உடைத்தார்கள். சொல்தாவை முதுகு காட்டி நிற்கவைத்துவிட்டு மூன்று கிளாஸையும் நிரப்பி வரிசை மாற்றி வைத்தார்கள்.

சொல்தா குடையை என்னிடம் கொடுத்தார். முதல் கிளாஸ். “இது சாராயம். சாயம் போட்டது.” சரி. இரண்டாவது. “நங்கூரம்.” சரி. மூன்றாவது மிச்சம், முகராமலே சேவல் என்று சொல்லியிருக்கலாம். நான் மூச்சை விட்டேன். ஏனாம் என்னை விட்டு விலகிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவதை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“இது அது இல்ல.”

“இதுவும் நங்கூரந்தான்” என்றார் அடுத்தபடி.

கூட்டம் ஓவென்று கத்தியது. சபாபதி துள்ளிக் குதித்தான். “பாத்தீங்களா ஐயா! முத்திர ஒடச்சது நீங்க! கண்ணால பாத்தது ஊரு! மூக்கு செத்த ஆளு இது!”

“மன்னிப்புக் கேளுப்பா” என்றார் மேயர்.

சொல்தா அசையவில்லை. “ஐயா, ரெண்டு மணி நேரம் குடுங்க. வூட்டுக்குப் போயிட்டு வரேன்.”

ஓடிவிடுவார் என்றது கூட்டம். நானும் கூடவே போனேன். அவர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி. அதில் கம்பளிக்குள் சுற்றி ஒரு பாட்டில். சேவல் மார்க். சைகோனில் வாங்கியது, திறக்காதது. பட்டாளத்தில் கூட இருந்த நெட்டப்பாக்கம் தாண்டவராயனும் இவரும் சேர்ந்து வாங்கினார்களாம். தாண்டவராயன் இன்னும் சைகோனில்தான் இருக்கிறார். அவர் பென்ஷன் வாங்கி ஊர் வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து திறப்பது என்று பேச்சு.

“அவரக் கேக்காம தொறக்கலாமா?” என்றேன்.

கட்டிலில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சபாபதியிடமும் மேயரிடமும் அசையாத மனிதர், ஒரு தக்கையைப் பார்த்துக் கலங்கிப்போயிருந்தார்.

“தப்புதான் முசே” என்றார் கடைசியில். “ஆனா நான் பொய்யன்னு ஊரு சொல்லி, அதுக்கப்புறம் அவன் வந்து எங்கூட குடிச்சா, அவனுக்குத்தான அசிங்கம்?”

எழுந்துவிட்டார்.

கடை வாசலில் எல்லார் எதிரிலும் பாட்டிலைத் திறந்தார். தக்கையை மேயர் கையில் வைத்தார். அதன் பக்கவாட்டில் சூடு போட்டது மாதிரி ஒரு சிறிய சேவல். “இப்ப காலையில தொறந்த தக்கையப் பாருங்க” என்றார். சபாபதி தரையில் கிடந்ததைப் பொறுக்கிக் கொடுத்தான். மேயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேவலும் இல்லை, சேவலின் இறகும் இல்லை.

சொல்தா மேயருக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். மேயர் ஒரு வாய் குடித்தார். பத்து வருஷ மாலைப்பொழுதுகள் அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

சபாபதி ஒரு வாய் வாங்கிக் குடித்தான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “அடப்பாவி! டவுன்ல மொத்தக் கடைக்காரன் எனக்கே நங்கூரத்தத்தான் முத்திர போட்டு அனுப்பிக்கினு இருக்கானா? அப்ப நான் இத்தினி நாளா சேவலுல நங்கூரத்தக் கலக்குறேன்னு நெனச்சுக்கினு, நங்கூரத்துல நங்கூரத்தையா கலந்துகினு இருந்தேன்?”

மேயர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னா சொன்ன?” என்றார்.

சபாபதி அதற்கப்புறம் ஒரு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. கடையை மூட வேண்டியவன்தான். சொல்தாதான் வேண்டாம் என்றார். “மூடிட்டா நான் எங்க போய் கேக்கறது?” இரண்டு பேரும் ஒரே மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குப் போனார்கள். மொத்தக் கடைக்காரரின் கிடங்கில் சொல்தா பெட்டி பெட்டியாக முகர்ந்து, நிஜச் சேவல் இருந்த மூன்று பெட்டியைப் பொறுக்கி எடுத்து வந்தார்.

அவர்கள் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகூரில் முதல்முறையாக நிஜச் சேவல் ஊற்றினார்கள். வாடிக்கையாளர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்கள். “இன்னாபா இது? பழைய சரக்கு இல்லியே! மறுபடி ஏமாத்துறியா?” வேறு வழியில்லாமல் சபாபதி நங்கூரத்தை நங்கூரம் என்றே சொல்லி விற்க ஆரம்பித்தான். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. நிஜச் சேவலைக் குடித்தவர்கள் இரண்டே பேர். சொல்தா ஒருவர். மேயர் மனசில்லாமல் இன்னொருவர்.

என்னை ஏனாமுக்கு அனுப்பவில்லை.

ஆனால் சொல்தாவுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. தாண்டவராயனுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என்னை வைத்துக் கடிதம் எழுதினார்: பாட்டிலைத் திறந்துவிட்டேன், காரணம் இது, மீதியைத் தக்கை போட்டு வைத்திருக்கிறேன், நீ என்ன வைதாலும் சரி. கப்பலில் போய்க் கப்பலில் பதில் வர மூன்று மாசம் ஆயிற்று. அந்த மூன்று மாசமும் மனுஷன் இளைத்துப்போனார். பதில் ஒரே வரி. படித்துச் சொன்னேன்.

“செயிச்சியா?”

சொல்தா குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு, “செயிச்சேன்னு எழுது. சீக்கிரம் வான்னு எழுது” என்றார்.

இரண்டு வரி எழுதினேன். கை நிற்கவில்லை. கீழே மூன்றாவதாக ஒன்று எழுதி, மடித்து நீட்டினேன். வாங்கிப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாதே தவிர, எண்ணத் தெரியும்.

“நான் சொன்னது ரெண்டு. இங்க மூணு இருக்கே முசே. இது இன்னா?”

மாட்டிக்கொண்டேன். வாசித்தேன்.

“நீங்கள் வரும்வரைக்கும் உங்கள் சிநேகிதரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

கேட்காததைக் கொடுத்தால் வாங்காத மனிதர். திருப்பிக் கொடுத்து, அடித்து எழுது என்பார் என்று பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் காகிதத்தை மெதுவாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும்” என்றார்.