மாப்பிள்ளையின் வகுப்பில் என் குரல் கேட்ட விவகாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமென்றே நம்புகிறேன். போனை எடுத்திருந்தால் வாயாலேயே விசாரித்திருப்பேன், நீங்கள்தான் எடுக்க மாட்டேன் என்கிறீர்களே.

தங்கள் மகனை நான் வீட்டை விட்டுத் துரத்துவதாகத் தங்கள் காதில் விழுந்ததாம். நடந்தது இதுதான். இரண்டு நாள் தங்க வந்த மாப்பிள்ளையும் என் மகளும் ஊரடங்கில் இங்கேயே மாட்டிக்கொள்ள, பல்கலைக்கழகமோ இனிப் பாடமெல்லாம் ஆன்லைனில்தான் என்று சொல்லிவிட, எங்கள் வீட்டில் சமையலறையில் மட்டுமே சிக்னல் கிடைக்கும் என்பதால், தத்துவப் பேராசிரியர் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் லேப்டாப்பை வைத்துப் பாடம் நடத்தினார். மாணவர்கள் ஒருவர்கூட முகம் காட்டுவதில்லை, திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். "சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு மாமா" என்று அவர் சொன்னபோது எனக்கே பாவமாகிவிட்டது. அன்றைக்கு, "இருத்தல் என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். அதே நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டியில் குடியேறிய புறாவிடம் நான், "வந்து எத்தனை நாளாச்சு, உக்காந்த இடத்துலயே தின்னுக்கிட்டு, இன்னும் எவ்வளவு நாள்தான் இருக்கப்போற?" என்றேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். ஆனால் வேலைக்காலம் முழுக்க நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிட்ட தொண்டை சம்பந்தி, அதற்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

அவ்வளவுதான், கட்டத்துக்கு ஒரு முகம் முளைத்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையன், "எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு சார்" என்றான். இன்னொரு புண்ணியவான் அதைப் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்ப, அது தங்கள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. என் மனைவி என்னோடு பேசுவதில்லை. மகள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். மாப்பிள்ளைதான் இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பசங்க மறுபடி முகத்தை மறைச்சுட்டாங்க என்று வருத்தப்பட்டு, "பத்து மணிக்கு இன்னொரு தடவை திட்டுங்க மாமா, கொஞ்சம் கோவமா" என்றார். அன்றிலிருந்து தினமும் திட்டுகிறேன். வகுப்பு நிறைந்து வழிகிறது. அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. ஆகவே அவர் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம். இது அவர் வீடு.

தங்கள் கோபம் தணிந்து, இரு வீட்டாருக்கும் மூச்சும் பேச்சும் சீராக இருக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது டிவியில் சொன்னார்கள், அடுத்த வாரம் பஸ் ஓடுமாம். மாப்பிள்ளைக்கு முதல் வண்டியிலேயே நல்ல சீட்டாகப் போட்டு, பெட்டியையும் கட்டிவிட்டேன். மகள் மெதுவாக வருவாள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள்தான் பார்க்க ஆசைப்பட்டுக் கூப்பிட்டதாகச் சொல்லிவிடுங்கள்.